தெருக்கம்பத்தில் பேனரும் கொடியும் கட்டும் முன்: தமிழ்நாட்டு விதிகள், படிப்படியாக

கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பத்திரிகை அச்சாகிவிட்டது, மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. அப்போது பெண்ணின் தாய்மாமன் வந்து உட்கார்ந்து, "பஸ் நிறுத்தத்திலிருந்து மண்டபம் வரைக்கும் பேனர் என் பொறுப்பு, நீங்கள் ஒன்றும் கவலைப்படாதீர்கள் மச்சான்" என்பார். கவலையே அங்கேதான் தொடங்குகிறது. பேனர் அடிப்பதை மாமன் பார்த்துக்கொள்வார். அதைக் கட்டப்போகும் கம்பம் யாருடையது என்று அவர் ஒரு நிமிடமும் யோசித்திருக்க மாட்டார்.

கட்சிக்காரர்கள், கோயில் விழாக் குழுக்கள், நற்பணி மன்றங்கள், குடியிருப்போர் சங்கங்கள், வீட்டு விசேஷக்காரர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். பொதுச் சாலையில், பொதுக் கம்பத்தில், நடைபாதையில், சாலை நடுத்தடுப்பில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது, கட்டுவதானால் யாரிடம் கேட்பது, எப்படிக் கட்டுவது, எப்போது கழற்றுவது என்ற வரிசையில் சொல்கிறேன். என் கருத்தை முன்பே சொல்லிவிடுகிறேன்: பத்தில் ஒன்பது பேனர்களுக்குத் தெரு தேவையே இல்லை, மண்டப வாசலே போதும். அந்தப் பத்தாவது பேனருக்காகத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

விதிகள் ஏன் இப்படி இறுகின

2017 நவம்பரில் கோவை அவினாசி சாலையில் அரசு விழா ஒன்றுக்காகச் சாலையை மறித்தபடி மரவளைவு கட்டினார்கள். இரவில் இரு சக்கர வண்டியில் வந்த இளைஞர் அதில் மோதி இறந்தார். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் ஒரு கட்சிப் பிரமுகர் வீட்டுத் திருமணத்துக்காகச் சாலை நடுத்தடுப்பில் வைத்திருந்த பேனர், ஸ்கூட்டரில் வேலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த 23 வயது மென்பொருள் பொறியாளர்மேல் விழுந்தது. அவர் தடுமாறிச் சாலையில் விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அந்தக் குடும்பத்துக்கு இடைக்கால இழப்பீடாக 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பெரிய கட்சிகள் இனி பேனர் வைக்கமாட்டோம் என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்ததும் அதன் பிறகுதான்.

இந்த விபத்துக்கு ஒன்பது மாதம் முன்பே, 2018 டிசம்பர் 19 அன்று, மறு உத்தரவு வரும்வரை மாநிலம் முழுக்க பேனர் வைக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்திருந்தது. சட்டவிரோத பேனர்களுக்கு எதிராகப் பல ஆண்டுகள் ஒற்றை ஆளாக வழக்கு நடத்திய டிராபிக் ராமசாமியின் மனுவில் வந்த உத்தரவு அது. தடை தாளில் இருந்தது, பேனர் சாலையில் இருந்தது. 2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தபோது, வரவேற்பு பேனர் வைப்பதற்காகத் தமிழ்நாடு அரசே நீதிமன்றப் படி ஏறியது. தடை அரசியல் கட்சிகளுக்குத்தான், ஆனால் அரசாக இருந்தாலும் விதிப்படிதான் வைக்க வேண்டும் என்று பதில் வந்தது. அரசே அனுமதி கேட்டு நின்ற ஊரில், காதணி விழாவுக்கு யார் கேட்கப்போகிறார்கள் என்ற அலட்சியம் வேண்டாம்.

முதல் படி: கம்பம் யாருடையது?

தெருவில் நிற்கும் எதுவும் அநாதை இல்லை. ஒவ்வொரு கம்பத்துக்கும், ஒவ்வொரு அடி மண்ணுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. அவர் யார் என்று தெரியாமல் அனுமதி கேட்கக் கிளம்பினால் நான்கு அலுவலகம் ஏறி இறங்கி வெறுங்கையோடு திரும்புவீர்கள்.

மின்கம்பி செல்லும் கம்பம் மின்வாரியத்துடையது. அதில் எதையும் கட்டாதீர்கள். அனுமதி வாங்கினால் கட்டலாமா என்று கேட்கவும் வேண்டாம். கேபிள்காரர்கள் கட்டியிருக்கிறார்களே என்பது காரணமாகாது.

தெருவிளக்கு மட்டும் உள்ள தனிக் கம்பம் பெரும்பாலும் மாநகராட்சி, நகராட்சி அல்லது பேரூராட்சிக்கு உரியது. ஆனால் அதன் உள்ளேயும் மின்சாரம் ஓடுகிறது. அடிப்பெட்டியின் மூடி திறந்து, ஒயர் வெளியே தொங்கும் விளக்குக் கம்பத்தைப் பார்க்காத தமிழர் உண்டா?

சாலை யாருடையது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஊருக்குள்ளே போகும் சாலை எல்லாம் நகராட்சிச் சாலை அல்ல. பஸ் போகும் முக்கியச் சாலை பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கும், சில இடங்களில் அது தேசிய நெடுஞ்சாலை. அங்கே நகராட்சி கொடுக்கும் தாள் மட்டும் போதாது, நெடுஞ்சாலைத் துறையின் தடையில்லாச் சான்றும் வேண்டும். கிராமத்தில் ஊராட்சிச் சாலை, ஒன்றியச் சாலை, நெடுஞ்சாலைத் துறைச் சாலை மூன்றும் ஒரே பஸ் நிறுத்தத்தில் வந்து சந்திக்கும். கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள்: மஞ்சள் தலை என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலை என்றால் மாநில நெடுஞ்சாலை. கல்லே இல்லை என்றால் ஊராட்சிச் செயலரைக் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.

மேம்பாலத் தூண், சிக்னல் கம்பம், வழிகாட்டிப் பலகை, பஸ் நிழற்குடை, சிலையைச் சுற்றிய கம்பி வேலி, பூங்காச் சுவர், மரம் இவற்றின் உரிமையாளரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கேட்டாலும் கிடைக்காது. மரத்தில் ஆணி அடிப்பதைச் சிலர் இன்னும் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள், அதற்கும் நடவடிக்கை எடுக்கிறார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "ஸ்டேஷனில் சொல்லிவிட்டோம்" என்பது அனுமதி ஆகாது. போக்குவரத்துக்கு இடையூறு இல்லை என்று காவல் துறை தருவது தடையில்லாச் சான்று மட்டுமே. அனுமதி கொடுக்கும் அதிகாரம் உள்ளாட்சி அமைப்பிடம் இருக்கிறது. வார்டு உறுப்பினர் தலையாட்டியதும் அனுமதி ஆகாது, அவருடைய படத்தையே பேனரில் போட்டிருந்தாலும் சரி.

இரண்டாம் படி: இடத்தை நடந்து பாருங்கள்

விண்ணப்பம் எழுதும் முன், பேனர் வைக்க நினைக்கும் இடத்துக்கு ஒருமுறை நடந்தே போய்ப் பாருங்கள். வண்டியில் போனால் தெரியாது.

நடைபாதையில் நிற்கிறதா? வேண்டாம். சாலை நடுத்தடுப்பா? பள்ளிக்கரணை நினைவிருக்கட்டும். தெரு முக்கா? ஸ்கூட்டர் ஓட்டுபவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய நான்கரை அடி உயரத்தில் இருக்கும். அந்த உயரத்தில் நின்று, குறுக்குத் தெருவிலிருந்து வரும் வண்டி தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். மறைத்தால் அந்த இடம் ஆகாது. பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் ஆகியவற்றின் முன்னும் பேனர் கூடாது என்பது விதி. வேகத்தடைக்கும் பள்ளிக்கூட எச்சரிக்கைப் பலகைக்கும் முன்னால் பேனர் வைப்பவர்களை என்ன சொல்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

சாலைக்குக் குறுக்கே துணித் தோரணம் கட்டுவது பழைய பழக்கம். அடியில் போகும் லாரியின் உயரத்தையும் மேலே போகும் மின்கம்பியையும் ஒருசேர நினைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் தோரணத்துக்குப் பாதுகாப்பான இடம் பெரும்பாலும் மிஞ்சுவதில்லை.

மூன்றாம் படி: விண்ணப்பம்

நகர்ப்புறத்தில் டிஜிட்டல் பேனருக்கென்றே தமிழ்நாடு அரசு 2011-இல் தனி விதிகள் கொண்டுவந்தது. விழாவுக்கு 15 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், அதிகபட்சம் 6 நாள்தான் அனுமதி, இட உரிமையாளரிடமும் காவல் துறையிடமும் தடையில்லாச் சான்று பெற வேண்டும், சாலையின் அகலத்துக்கு ஏற்பவே பேனரின் அளவு இருக்க வேண்டும், இரண்டு பேனர்களுக்கு நடுவே இடைவெளி விட வேண்டும் என்பவை அவற்றின் சாரம். அப்போதைய சட்டப்பிரிவின்படி மீறியவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023-ஆம் ஆண்டு விதிகளும் நடைமுறைக்கு வந்தன. விளம்பரப் பலகை, பேனர் எல்லாம் இப்போது அந்தக் குடையின் கீழ் வருகின்றன. அதனால் பழைய படிவத்தை எங்கிருந்தோ நகல் எடுத்து நிரப்பாதீர்கள். படிவம், கட்டணம், வைப்புத்தொகை மூன்றையும் உங்கள் மண்டல அலுவலகத்திலோ நகராட்சி அலுவலகத்திலோ கேட்டு, அன்றைய நிலவரப்படி வாங்குங்கள்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: விழா அழைப்பிதழின் நகல், உங்கள் அடையாள அட்டை நகல், பேனரின் வடிவமைப்பு, நீளம் அகலம் உயரம், எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று காட்டும் கைவரைபடம். வரைபடத்தை ஒப்புக்கு வரையாதீர்கள். "காந்தி சிலை அருகில்" என்று எழுதினால் சிலையின் எந்தப் பக்கம் என்ற கேள்வி பின்னால் வரும். "தபால் நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து கிழக்கே 20 அடி, சாலை விளிம்பிலிருந்து 6 அடி உள்ளே" என்று எழுதுங்கள். கைப்பேசியில் அந்த இடத்தைப் படம் எடுத்து அச்சிட்டு இணைத்தால் பாதி வேலை முடிந்தது.

வரிசையும் முக்கியம். முதலில் இட உரிமையாளர், அடுத்து காவல் நிலையம், கடைசியில் உள்ளாட்சி அலுவலகம். தலைகீழாகப் போனால், "அந்தச் சான்று எங்கே?" என்று திருப்பி அனுப்புவார்கள். தனியார் பட்டா இடத்தில் வைப்பதானாலும் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். பொது இடத்தின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க 1959-ஆம் ஆண்டிலேயே இந்த மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. அதன் அடிப்படையே உரிமையாளர் எழுதிக் கொடுத்த சம்மதம்தான். வாய்ச்சொல்லை அது கணக்கில் எடுப்பதில்லை.

விண்ணப்பத்தைக் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டை வாங்காமல் நகராதீர்கள். ஆனால் அந்தச் சீட்டே அனுமதி என்று நினைத்து பேனரைக் கட்டிவிடவும் கூடாது. காவல் நிலையத்தில் இந்த ஒரு தவறோடு வந்து நிற்பவர்கள் நிறைய.

நான்காம் படி: அச்சுக்குக் கொடுக்கும் முன்

அனுமதி கைக்கு வந்த பிறகே பிளக்ஸ் கடைக்குப் போங்கள். ஏனென்றால் அனுமதி எண், அனுமதித்த நாள், எந்த நாள் வரை என்ற விவரம் பேனரிலேயே அச்சாக வேண்டும். கீழ் ஓரத்தில் ஒரு பட்டை விடச் சொல்லுங்கள். அச்சிட்ட கடையின் பெயரும் அங்கேயே வரட்டும். நல்ல கடைக்காரர் அனுமதி நகலைக் கேட்பார், அது அவருக்கும் பாதுகாப்பு.

2017 அக்டோபரில் உயிரோடு இருப்பவர்களின் படத்தை பேனரில் போடக்கூடாது என்று உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. அதைப் பற்றி அன்று நடந்த கிண்டல்களை இப்போது விட்டுவிடலாம். ஒரு காதணி விழாவுக்கு 42 தலைகள் தேவையா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். படங்கள் குறைந்தால் பேனர் சிறிதாகும். பேனர் சிறிதானால் அடுத்த படி எளிதாகும்.

ஐந்தாம் படி: கட்டுவது

விதி பேசுகிறவர்கள் இந்த இடத்தில் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறார்கள். உயிர் போவதோ இங்கேதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 அடிக்கு 8 அடி பேனர் என்றால் பரப்பு 80 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 7.4 சதுர மீட்டர். கட்டடங்களுக்குக் காற்றுச் சுமை கணக்கிடும் இந்தியத் தரநிலை ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது: காற்றின் வேகத்தை மீட்டரில், நொடிக்கு இவ்வளவு என்று எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.6-ஆல் பெருக்க வேண்டும். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகக் காற்று என்பது நொடிக்கு 15 மீட்டர். கணக்குப்படி உங்கள் பேனரின்மேல் விழும் தள்ளுவிசை ஏறக்குறைய 100 கிலோ எடை. திடகாத்திரமான ஒருவர் தன் முழு எடையையும் போட்டுச் சாய்ந்து தள்ளுவதுபோல. கோடை மழைக்கு முன் அடிக்கும் சூறைக்காற்று இந்த வேகத்தைச் சாதாரணமாகத் தாண்டும். வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்காகும், 400 கிலோ. சென்னையில் கட்டடம் கட்டுகிறவர்கள் அதே தரநிலைப்படி நொடிக்கு 50 மீட்டர் காற்றை அடிப்படையாக வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்.

இப்போது நம் ஊர் வழக்கத்தைப் பாருங்கள். இரண்டு சவுக்குக் கட்டை, ஒன்றரை அடிப் பள்ளம், பள்ளத்தில் நாலு செங்கல் துண்டு, பின்னால் முட்டுக்கு ஒரு கட்டை, அதுவும் சில நேரம் கிடையாது. 100 கிலோவை இது தாங்காது. பேனரில் பிறைநிலா மாதிரி ஓட்டை போட்டால் காற்று போய்விடும் என்பார்கள். தாளைக் கிழித்த திருப்தி கிடைக்கும், பெரிய பலன் இல்லை.

ஆகவே பேனர் சிறிதாக இருக்கட்டும். தரையோடு நெருங்கி நிற்கட்டும், ஆனால் நடப்பவர் வழியில் வேண்டாம். பின்பக்கம் இரண்டு கட்டைக்கும் சாய்முட்டு கட்டாயம் கொடுங்கள். முட்டின் அடி, பேனரின் உயரத்தில் பாதியளவாவது பின்னால் தள்ளி ஊன்றியிருக்க வேண்டும். தார்ச்சாலையையோ நடைபாதைக் கல்லையோ தோண்டாதீர்கள், அது தனிக் குற்றம். பேனரை மரச்சட்டத்தோடு ஆணி அடித்தால் பிளக்ஸ் ஆணியோடு கிழியும். ஓரம் மடித்துத் தைத்து, வளையம் போட்டு, கயிற்றால் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். இரவில் யாராவது மோதக்கூடிய இடம் என்றால் ஓரத்தில் ஒளிபிரதிபலிப்பு நாடா ஒட்டுங்கள். வானிலை எச்சரிக்கை வந்தால் விழா முடியாவிட்டாலும் இறக்கிவிடுங்கள்.

அடுத்து மின்சாரம். 2021 ஆகஸ்டில் விழுப்புரத்தில் ஒரு திருமண வரவேற்புக்காகக் கட்சிக் கொடிக்கம்பம் நட்டுக்கொண்டிருந்த 13 வயதுச் சிறுவன், கம்பம் மேலே போன மின்கம்பியில் பட்டு இறந்தான். இரும்புக் குழாயைக் கீழிருந்து நிமிர்த்தும்போது அதன் நுனி எங்கே போகிறது என்பது பிடித்திருப்பவருக்குத் தெரியாது. அவர் கண் அடிப்பள்ளத்தில் இருக்கும். ஆகவே, மேலே கம்பி போகும் இடத்தில் நட வேண்டாம். கம்பத்தின் முழு நீளம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத தூரத்தில் மட்டுமே நடுங்கள். நிமிர்த்தும்போது ஒருவர் தள்ளி நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்கக்கூடாது. சிறுவர்களை இந்த வேலைக்குப் பக்கத்திலேயே விடாதீர்கள்.

இதில் எனக்கும் ஒரு பாடம் உண்டு. அக்கா மகளின் காதணி விழாவுக்கு, என்னைக் கேட்காமலே உறவினர் ஒருவர் எங்கள் தெருவிளக்குக் கம்பத்தில் எட்டடி பேனரைக் கட்டுக்கம்பியால் இறுக்கிவிட்டுப் போனார். விழா முடிந்த மூன்றாம் நாள், விளக்கு விட்டுவிட்டு எரிகிறது என்று மின்பணியாளர் வந்தார். ஏணியில் ஏறி, பேனரை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டு என்னை மேலே பார்க்கச் சொன்னார். கட்டுக்கம்பியின் முறுக்கிய வால், காற்றில் பேனர் ஆட ஆட, பக்கத்தில் போன ஒயரின் கறுப்பு உறையைச் சுரண்டி வெள்ளைக்கோடு போட்டிருந்தது. "தம்பி, இன்னும் இரண்டு நாள் காற்றடித்திருந்தால் இந்தக் கம்பம் முழுக்க ஷாக் அடித்திருக்கும்" என்றார். அந்தக் கம்பத்தில்தான் பால்காரர் தினமும் சைக்கிளைச் சாய்த்து வைப்பார்.

கொடிக்கு வேறு கணக்கு

கட்சி, சாதி, மத அமைப்புகளின் நிரந்தரக் கொடிக்கம்பங்கள் பொது இடங்களில் இருக்கக்கூடாது என்று 2025 ஜனவரி 27 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. நெடுஞ்சாலை நிலம், உள்ளாட்சி நிலம் இவற்றில் இருப்பவற்றை 12 வாரத்துக்குள் அகற்ற வேண்டும், வேண்டுமானால் சொந்தப் பட்டா இடத்தில் விதிப்படி அனுமதி பெற்று வைத்துக்கொள்ளலாம், பிரச்சாரம் பொதுக்கூட்டம் போன்றவற்றுக்குத் தற்காலிகமாக வைத்தால் வாடகை வசூலிக்க வேண்டும் என்றது அந்த உத்தரவு. மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. பிறகு விவகாரம் மூன்று நீதிபதிகள் அமர்வு வரை போனது. ஆகவே கிளைச் செயலாளர்கள் புதிய கம்பத்துக்குக் குழாய் வாங்கும் முன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அன்றைய நிலையைக் கேட்டுக்கொள்வது நல்லது. பழைய கம்பத்துக்குப் பீடம் கட்டி, டைல்ஸ் ஒட்டி, பெயர்க்கல் பதிப்பதும் புதிதாக வைப்பதற்குச் சமம்தான்.

தற்காலிகக் கொடி என்றால் இரண்டே விஷயம்: சாலையில் துளை போடாமல் நிறுத்துங்கள், கூட்டம் முடிந்த இரவே பிடுங்குங்கள். சாலை ஓரத்தில் வரிசையாக நட்ட இரும்புக் குழாய்களில் ஒன்று சரிந்தால் அது விழுவது வண்டிக்காரர் மேல்தான்.

தேசியக் கொடிக்கு 2002-ஆம் ஆண்டின் இந்தியக் கொடி நெறிமுறையும், 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டமும் இருக்கின்றன. கொடியை மரியாதையோடு ஏற்றுவது குடிமகனின் அடிப்படை உரிமை என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு பாலியஸ்டர் கொடியும் இயந்திரத்தில் செய்த கொடியும் செல்லும். 2022 ஜூலைக்குப் பிறகு பொதுமக்கள் இரவிலும் பறக்க விடலாம். ஆனால் தெருவில் அடிக்கடி மீறப்படுபவை வேறு. காவி நிறம் மேலே இருக்க வேண்டும், நீளமும் உயரமும் 3:2 விகிதத்தில் இருக்க வேண்டும், கொடியின்மேல் எழுத்து கூடாது. வேறு எந்தக் கொடியும் அதைவிட உயரமாகவோ அதே கம்பத்திலோ பறக்கக்கூடாது. தோரணமாகவோ அலங்காரமாகவோ பயன்படுத்தக்கூடாது. சுவரில் செங்குத்தாகத் தொங்கவிட்டால், எதிரே நின்று பார்ப்பவருக்குக் காவி இடப்பக்கம் வர வேண்டும்.

கிழிந்த, வெளுத்த கொடியைப் பறக்க விடுவதும் தவறு. சுதந்திர தினத்துக்குத் தெருவெல்லாம் கட்டிவிட்டு, செப்டம்பரில் நாராய்த் தொங்குவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏற்றியவரே இறக்க வேண்டும். பழுதான கொடியைக் குப்பையில் போடாமல் தனிமையில், மரியாதையாக எரித்துவிடச் சொல்கிறது நெறிமுறை.

தேர்தல் அறிவித்துவிட்டால்

நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். அரசுக் கட்டடங்களில் உள்ள விளம்பரங்களை 24 மணி நேரத்திலும், பஸ் நிலையம், ரயில் நிலையம், பாலம், மின்கம்பம் போன்ற பொது இடங்களில் உள்ளவற்றை 48 மணி நேரத்திலும், அனுமதியின்றித் தனியார் சுவரில் உள்ளவற்றை 72 மணி நேரத்திலும் அகற்றிவிட வேண்டும். உங்கள் வீட்டு விசேஷ பேனரில் தலைவர் படம் இருந்தால் அதையும் சேர்த்துத்தான் எடுப்பார்கள். தேர்தல் சுவரொட்டியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இல்லாவிட்டால் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கழற்றுவது

கட்டும்போதே கழற்றும் ஆளுக்கும் கூலி பேசிவிடுங்கள். கட்டுவதற்கு வரும் பையன்கள் விழா முடிந்ததும் மாயமாகிவிடுவார்கள். அனுமதி முடியும் நாளுக்கு முதல் நாள் கைப்பேசியில் நினைவூட்டல் வையுங்கள். கட்டையைப் பிடுங்கிய குழியை மண் போட்டு மிதித்து மூடுங்கள், கட்டுக்கம்பித் துண்டுகளைப் பொறுக்குங்கள். காலி இடத்தைப் படம் எடுத்து வைப்புத்தொகைக்கான மனுவோடு சேர்த்துக் கொடுங்கள். பிளக்ஸை எரிக்காதீர்கள். அது பி.வி.சி., எரிந்தால் நெஞ்சை அடைக்கும் அமிலப்புகை வரும். மாட்டுக்கொட்டகைக் கூரைக்கும் நெல் மூட்டை மூடவும் கேட்டு வாங்கிப் போக ஆள் இருக்கிறது.

உங்கள் வீட்டு வாசலை மறைத்து வேறு யாரோ வைத்தால்

முதலில் படம் எடுங்கள். பேனர் முழுதாக ஒன்று, அனுமதி எண் இருக்க வேண்டிய கீழ் ஓரம் ஒன்று, பக்கத்துக் கடைப் பெயர்ப்பலகையோ தெருப் பெயரோ தெரியும்படி ஒன்று. சென்னையில் 1913 என்ற மாநகராட்சி எண்ணுக்குச் சொல்லிப் புகார் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களில் ஆணையருக்கோ செயல் அலுவலருக்கோ எழுத்தில் கொடுங்கள், ஒரு நகல் காவல் நிலையத்துக்குப் போகட்டும். மின்கம்பத்தில் கட்டியிருந்தால் மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987. சாலையை மறித்து ஆபத்தாக நின்றால் 100-க்கே அழைக்கலாம். பொது வழியில் இடையூறு செய்வதற்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

நீங்களே கிழிக்காதீர்கள். டிராபிக் ராமசாமி கிழித்தார், உண்மைதான். அவர் அதற்கு வாங்கிய அடிகளும் ஊரறிந்தவை.

புகாருக்குப் பதிலே இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: இன்ன தேதியில், இன்ன சாலையில், இன்ன இடத்தில் இருந்த பேனருக்கு வழங்கிய அனுமதியின் எண், நாள், காவல் துறைத் தடையில்லாச் சான்றின் நகல், வசூலித்த கட்டணத்தின் ரசீது நகல், என் புகார் எண்ணின்மீது எழுதிய குறிப்புகளின் நகல். 30 நாளில் பதில் தர வேண்டும். பல நேரம் பதில் வருவதற்கு முன்பே பேனர் இறங்கிவிடும்.